பெரியவங்க யாராவது வரணும்

அவளை இரண்டு வீட்டிலும் 'பெரியவ' என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா வீட்டில் அங்கிளின் மகனைவிட மூத்தவள் என்பதால் பெரியவ. அப்பா வீட்டில் சித்திக்குப் பிறந்த பாப்பாவுக்கு அக்கா என்பதால் பெரியவ. பேர்தான் பெரியவ. இருபத்து நாலு வயதாகியும் சாத்திக்கொள்ள ஒரு கதவு அவளுக்கு இரண்டு வீட்டிலும் கிடையாது.

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று அவர்களே பேசி முடித்துவிட்டு, "உனக்கு ரெண்டு வீடு, ஜாலிதானே?" என்று அவளிடம் கேட்டார்கள். பிறகு இருவரும் ஆளுக்கொரு கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அம்மா கட்டிக்கொண்ட அங்கிள் டயர் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் அவரோடு ஒரு மகனும் வந்தான். அவனுக்குப் பரீட்சை என்று அவளுடைய அறை கொஞ்ச நாளைக்கு அவனுக்குப் போனது. அந்தப் பரீட்சையும் முடிந்து, அடுத்த பரீட்சையும் முடிந்து, அவனுக்கு மீசையும் அரும்பிவிட்டது. அறை மட்டும் திரும்பி வரவில்லை. அவள் ஹாலில் சோபாவில் படுத்தாள். அங்கிள் செய்தி பார்த்து முடிக்கும்வரை சோபா அவருடையது. அப்பா வீட்டிலோ பாப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் வெளியே வருகிற ஒரு படுக்கை. காலை நீட்டினால் பொம்மைப் பெட்டி இடிக்கும்.

படித்து முடித்து வேலைக்குப் போனதும் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். சரியாகவில்லை. வாரக் கணக்கு மாறி வேலைக் கணக்கு ஆனது. அப்பா டெலிவரி வேன் ஓட்டுகிறவர், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. சித்தி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள், வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பாப்பாவை நர்சரியிலிருந்து கூட்டி வருவது பெரியவ. அம்மா ஒரு கிளினிக்கில் வரவேற்பில் உட்காருபவள். அவளுக்கு மாலை ஷிப்ட் வந்தால் அங்கிளுக்கும் மகனுக்கும் சமைப்பது பெரியவ. எந்த வீட்டில் எந்த நாள் இருப்பாள் என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். அவசரத்துக்குத் தேடும் நீலச் சுடிதார் எப்போதும் மற்ற வீட்டில் இருந்தது.

அவள் வேலை செய்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்னால் கடை. பின்னால் தடுப்புக்கு அந்தப்புறம் லென்ஸ் அறுக்கும் இடம். வட்டமாக வரும் லென்ஸில் நடுப்புள்ளி குறித்து, மெஷினில் மாட்டி, பிரேமின் வடிவத்துக்கு ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வெள்ளைச் சேறு கையெல்லாம் அப்பும். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மெஷின் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை காலியாக இருப்பதாகச் சொன்னது, கடையில் கண் பரிசோதிக்கிற டாக்டரக்கா. அவள் டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் வருகிறவர்கள் எல்லாம் டாக்டர் என்று கூப்பிட, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் பெரியவ ஓடிப்போய்ப் பார்த்தாள். வெளிப்பக்கம் மாடிப்படி. ஒரு ஜன்னல், ஒரு மூலையில் சமையல் மேடை, தண்ணீர் நன்றாக வந்தது. கதவின் உள்பக்கம் கனமான ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போற பொண்ணு, எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா உங்க வீட்லேருந்து பெரியவங்க யாராவது வந்து ஒரு வார்த்தை பேசணும்" என்றாள்.

"எனக்கு இருபத்து நாலு வயசும்மா. சம்பளம் வருது. நானே பேசறேனே."

"நீ பேசுவே. நாளைக்கு உனக்கு ஜுரம் வந்தா நான் யாருக்குப் போன் பண்றது? அப்பா அம்மா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அப்ப என்ன? ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் வேற யாருக்கும் காட்டமாட்டேன்."

ரெண்டு பேரையும். பெரியவ தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

முதலில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஏன், இங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு சொல்லலம்மா. எனக்குன்னு ஒரு இடம் வேணும்."

"அங்கிள் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாரா?"

"அவரைப் பத்தி யாரு பேசினா?"

"ஊரு பேசும்டி. ரெண்டாவதா ஒருத்தனைக் கட்டிக்கிட்டு பெத்த பொண்ணை வெளிய தள்ளிட்டான்னு பேசும். இந்தக் காம்பவுண்டுல பன்னண்டு வீட்டுக்கும் நானா போய் விளக்கம் சொல்லிட்டிருக்க முடியும்?"

"அப்ப அந்த ரூமை எனக்குத் திருப்பிக் குடுங்க."

அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். உள்ளே அங்கிளின் மகன் படித்துக்கொண்டிருந்தான், அல்லது போனில் விளையாடிக்கொண்டிருந்தான். "அவன்கிட்ட போய் எப்படிடீ சொல்றது? தாயில்லாத பையன். நீதானே பெரியவ."

கடைசியில், "பேசறதுக்கு ஆள் வேணும்னா உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போ. பொறுப்புன்னு ஒண்ணு அவருக்கும் இருக்கட்டும்" என்று முடித்தாள்.

அப்பா வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வராது, மழுப்பல்தான் வரும்.

"நல்ல விஷயம்தான். ஆனா இப்பவேவா? பாப்பா இன்னும் கொஞ்சம் வளரட்டுமே."

"பாப்பா வளர்றதுக்கும் நான் போறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"சித்திக்கு வேலை மாத்திக் குடுக்கமாட்டேங்கறாங்க. நீயும் போயிட்டா பாப்பாவை யாரு கூட்டிட்டு வருவா? அதுவும் இல்லாம, சித்தி கொடுமைன்னு பேர் வந்துடும். அவ ஏற்கெனவே நொந்து போயிருக்கா." டயரில் தண்ணீரைப் பீய்ச்சினார். "உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு. பொண்ணு விஷயம், அம்மா வந்து பேசினாத்தான் அழகு."

மறுநாள் பெரியவ இதைச் சொன்னதும் டாக்டரக்கா சிரித்துவிட்டாள். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு கேள்விப்பட்டிருக்கேன். மத்தளத்தை யாரு தூக்கறதுன்னு சண்டை போடறதை இங்கதான் பாக்கறேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டும் என்கிறவர்கள் இடம் கொடுப்பதில்லை, இடம் இல்லாதவர்கள் விடுவதில்லை. அவளைத் தங்கள் மகள் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் ஆசை. அதற்காக எழுந்து வந்து ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார இருவராலும் முடியவில்லை.

சனிக்கிழமை அவள் மெஷினில் நின்றிருந்தபோது அம்மா போன் செய்தாள். அங்கிளிடம் பேசியாயிற்றாம். யோசித்துச் சொல்கிறாராம். யோசிக்க அவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அப்பாவின் அழைப்பு குறுக்கே வந்தது. திங்கட்கிழமை பாப்பாவைக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிவர முடியுமா? தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் இருந்த லென்ஸை மாட்டி மெஷினை ஓட விட்டாள். இடது கண்ணுக்கு வந்த லென்ஸ் வலது கண்ணின் வடிவத்தில் அறுபட்டு விழுந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து வரவழைத்த லென்ஸ் அது. அதற்குரியவர் முன்னால் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். "வீட்டுப் பிரச்சினையை வீட்டிலேயே வச்சிட்டு வரணும்" என்றார்.

எந்த வீட்டில் சார் என்று கேட்கத் தோன்றியது. "சாரி சார்" என்றாள்.

அன்று மாலை கடை வாசலில் நின்று இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். 'நாளை சாயந்தரம் யாராவது ஒருத்தர் வாங்க. யார் வந்தாலும் சரி. பத்து நிமிஷம் போதும்.' கூடவே முகவரி. பதில் வரவில்லை. மறுநாள் தானே பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்து, இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் டயர் கடைக் கார் நின்றது. அதன் பின்னால் அப்பாவின் வேன்.

வரமாட்டார்கள் என்று நினைத்த நால்வரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் சின்ன ஹாலில் அம்மாவும் அங்கிளும் சோபாவில். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பாவும் சித்தியும். பாப்பா சித்தியின் மடியில். அம்மாவும் அப்பாவும் இப்படி ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. இருவரும் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா ஆளுக்கொரு டீ கொடுத்துவிட்டு, யார் யார் என்று புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தாள்.

"நீங்க அப்பா," என்று அங்கிளைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லைங்க, நான் வந்து..." அங்கிள் கழுத்தைத் தடவினார்.

"நான்தாங்க அப்பா," என்றார் அப்பா.

"அப்ப நீங்க அம்மா," என்று சித்தியைக் காட்டினாள் வீட்டுக்காரம்மா.

"நான் பெத்த பொண்ணுங்க," என்றாள் அம்மா, தேவைக்கு மேலே கொஞ்சம் சத்தமாக.

சித்தி டீயைக் கீழே வைத்தாள். "பெத்தவங்க நீங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா அவ துணியெல்லாம் எங்க வீட்டு மெஷின்லதான் ஓடுது."

"பாப்பாவைப் பாத்துக்கறதுக்குக் கூலியா?"

"கூலியா? பாசத்துல பாத்துக்கறா. உங்க வீட்ல அவளை சோபாவுல படுக்க வைக்கறீங்களே, அது என்ன பாசம்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு," என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க," என்று அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஹாலில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெரியவ வாசற்படியிலேயே நின்றாள். "நான் கேட்டது இந்த ரூமுக்கு. வேற எதுவும் பேச வேணாம். ப்ளீஸ்."

யாரும் காதில் வாங்கவில்லை. பேச்சு எங்கெங்கோ போனது. அவளுடைய கல்லூரிக்கு யார் அலைந்தது, அவளுக்கு அம்மை போட்டபோது யார் லீவு போட்டது, பிரிந்தது யாரால். அங்கிள் நடுவில் புகுந்து, "நிதானமா பேசலாம்" என்றார். அப்பா, "இது எங்க குடும்ப விஷயம் சார்" என்றார். அந்த 'எங்க' யார் யாரைச் சேர்த்து என்று அவருக்கே தெரிந்திருக்காது. பாப்பா வீறிட்டு அழுதது.

வீட்டுக்காரம்மா எழுந்து டீ கோப்பைகளைச் சேகரிக்க ஆரம்பித்தாள். பாதி குடித்தவற்றையும் எடுத்தாள். "எனக்கு பிரஷர் இருக்கு. நீங்க எல்லாரும் வெளிய போய்ப் பேசிக்கங்க" என்றாள்.

வெளியே வந்தும் அவர்கள் கலையவில்லை. காருக்கும் வேனுக்கும் நடுவே நின்று, சத்தத்தைக் குறைத்து, ஆச்சரியமாக, ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்பாதான் வந்து சொன்னார். சண்டையைத் தீர்த்துவைத்த பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது.

"பாரும்மா. திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் எங்க வீடு. வெள்ளிலேருந்து அம்மா வீடு. எல்லாருக்கும் தோதா இருக்கும். ரூமுக்கு எதுக்கு வீண் செலவு?"

"அங்கிளும் சரின்னுட்டாரு," என்றாள் அம்மா. "ஹால்ல ஒரு திரை போட்டுத் தர்றேன்னாரு."

பெரியவ நால்வரையும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எட்டாங்கிளாஸ்ல இதையேதான் சொன்னீங்க," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வாழ்க்கையை ரெண்டாவது தடவை ஆரம்பிச்சிட்டீங்க. ஆரம்பிங்க, நான் வேணாங்கல. நான் இன்னும் முதல் தடவையே ஆரம்பிக்கலம்மா. திரை போடறாராம் திரை!"

"பெரியவ, தெருவுல நின்னு..."

"பெரியவன்னு கூப்பிடாதீங்க! பாத்திரம் தேய்க்க பெரியவ, பாப்பாவைத் தூக்க பெரியவ. ஒரு ரூம் கேட்டா மட்டும் சின்னப் பொண்ணா? நான் யார் வீட்டுக்கும் வரல. போங்க."

அங்கிள்தான் முதலில் நகர்ந்தார். சித்தி பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். அம்மா அழுதுகொண்டே காரில் உட்கார்ந்தாள். அம்மா அழுதால் பெரியவ ஓடிப்போய்க் கையைப் பிடிப்பது வழக்கம். கால் ஒரு அடி முன்னால் போனது. நிறுத்திக்கொண்டாள்.

வண்டிகள் போன பிறகு மறுபடி கதவைத் தட்டினாள். வீட்டுக்காரம்மா பாதிக் கதவைத் திறந்தாள்.

"அவங்க இனிமே வரமாட்டாங்கம்மா. நான் மட்டும்தான்."

"உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா," என்றாள் வீட்டுக்காரம்மா. நிஜமாகவே வருத்தப்பட்டாள். "ஆனா வருவாங்க. இன்னிக்கி நாலு பேரு வந்தாங்க, உனக்கு ஒண்ணுன்னா நாப்பது பேரு வருவாங்க. யாரும் இல்லாத பொண்ணா இருந்திருந்தா கூட யோசிச்சிருப்பேன்."

பெரியவளுக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்கலாம் போல இருந்தது. பெரியவர்கள் வேண்டும் என்றாள், வந்தார்கள். வந்ததனாலேயே அறை போயிற்று.

அன்று டாக்டரக்கா வீட்டில் தங்கினாள். அவள் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு தலையணையைக் கொடுத்தாள். மறுநாள் அவளே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்கு அழைத்துப் போனாள். அங்கே பெரியவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஒரு அடையாள அட்டை, ஒரு முன்பணம், அவ்வளவுதான். ஆனால் ஒரு அறைக்கு ஆறு கட்டில். அவளுக்குக் கிடைத்தது குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில். யாராவது உள்ளே போகும்போதெல்லாம் விளக்கு அவள் முகத்தில் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரி போனில் யாரோடோ ஓயாமல் சண்டை போட்டாள். கதவு கேட்டு அலைந்தவளுக்குக் கிடைத்தது ஒரு கட்டிலும் பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரியும்.

அவளுக்குப் பெருமிதமாக இருந்திருக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சல்தான் இருந்தது. சோப்பு, பக்கெட், தலைவலி மாத்திரை, எல்லாம் தானே வாங்க வேண்டியிருந்தது. அம்மா பேசவே இல்லை. அப்பா தினமும் கூப்பிட்டார். "வியாழக்கிழமை மட்டும் பாப்பாவை..." என்று ஆரம்பிப்பார். "முடியாதுப்பா" என்பாள். போனை வைத்ததும் நர்சரி வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பாப்பாதான் கண்ணுக்குள் வரும். அந்த மாலை முழுவதும் அவளுக்கு ஒன்றும் ஓடாது. சுதந்திரம் என்று எல்லோரும் சொல்வது இதுதானா, இல்லை இதைச் செய்யவும் தனக்குத் தெரியவில்லையா என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் சித்தி கூப்பிட்டாள்.

"உங்க அப்பாதான் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றாரு. தினமும் லேட்டு. மிஸ் என்னைக் கூப்பிட்டுத் திட்டுறாங்க. இப்ப உனக்கு நிம்மதியா?"

"இல்ல சித்தி."

பின்னால் டெஸ்ட் டியூப் ரேக்குகள் கலகலத்தன. "எனக்கும் இல்ல," என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. பாப்பா கேட்டுட்டே இருக்கு."

போனாள். பழக்க தோஷத்தில் உள்ளே நுழைந்ததும் சமையலறைக்குத்தான் கால் போனது. சித்தி, "உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அது அன்பா கோபமா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை. ஹாலில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாப்பா மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பெரியவ குனிந்து பார்த்தாள்.

"வா."

"மாட்டேன். நீ ஏன் கூப்பிட வரல?"

"எனக்கு வேலை இருந்துச்சு."

"முன்னாடியும்தான் வேலை இருந்துச்சு."

பெரியவ தரையில் உட்கார்ந்து மேஜைக் காலில் சாய்ந்துகொண்டாள். சாப்பாடு தயாராகும்வரை பாப்பா வெளியே வரவில்லை, அவளும் எழுந்து போகவில்லை. சாப்பிடும்போது பாப்பா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டது.

கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். "வர்ற புதன்கிழமை எனக்கு லாங் டிரிப் இருக்கும்மா. அன்னிக்கி ஒரு நாள்..."

"புதன்கிழமை எனக்குக் கடையில முடியாது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியலப்பா," என்றாள். "யோசிங்க. சித்தியும் நீங்களும் உக்காந்து யோசிங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளேயிருந்து பாப்பா அவரை ஏதோ கேட்டு நச்சரிக்கும் சத்தம் வந்தது. பெரியவ செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனைக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் இருந்தது. அம்மா வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சும்மா பார்த்துவிட்டு வரப் போனால்கூட, இதற்குள் ஹாலில் அவளுக்கென்று அந்தத் திரையைப் போட்டு வைத்திருப்பார்கள். நிழற்குடைக்குக் கீழே பெஞ்சில் இடம் இல்லை. நின்றுகொண்டே காத்திருந்தாள்.